பொலிவியா மேசையில் தம்பியின் படம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய், பிசாசு, குறி கேட்பது, சாத்திரம் பார்ப்பது ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குப் போவேன். போனால் நாலு தமிழ் முகம் பார்க்கலாம், சோறும் கிடைக்கும், அன்றைக்குச் சமைக்கத் தேவையில்லை, அவ்வளவுதான். எங்கள் ஆட்கள் ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருஷமாகியும் புதுக் காரின் சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிப்பதைக் கண்டால் முகத்துக்கு நேரே "உங்களுக்கு விசரே?" என்று கேட்கிற ஆள் நான். அதனால் எனக்குச் சிநேகிதிகள் குறைவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனி நான் சொல்லப்போவதை வேறொருத்தி என்னிடம் வந்து சொல்லியிருந்தால் அவளையும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. கோபப்பட்டுக் கோபப்பட்டு எனக்குக் களைத்துவிட்டது.

இப்படிப்பட்ட கதை என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் இதில் இல்லை. இது நடந்தது பட்டப்பகலில், வுப்பர்டாலில், சனம் நிறைந்த ஒரு மண்டபத்தில், எல்லா லைட்டும் எரிந்துகொண்டிருந்தபோது.

அந்த மண்டபத்தில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். வாடகைக்கு விடுகிற மண்டபம். ஒரு கிழமை முத்திரை சேர்க்கிறவர்கள் வருவார்கள், அடுத்த கிழமை துருக்கிக் கல்யாணம், அதற்குப் பிறகு பென்சன்காரரின் நடனம். யார் வந்து ஆடினாலும் கடைசியில் நிலம் துடைக்கிறது நானும் மார்த்தாவும்தான். மார்த்தா பொலிவியா நாட்டுக்காரி, பொத்தோசி என்கிற மலைப்பட்டணத்தில் பிறந்தவள், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவளுடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே அளவு மோசம், அதனால் எங்களுக்குள் எல்லாம் விளங்கும், ஜெர்மன்காரர் நடுவில் வந்து பேசினால்தான் இரண்டு பேருக்கும் விளங்காது. அவள் சொன்னதை எல்லாம் நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியாது.

இனி என் தம்பி. பெயர் குகன். எனக்கிருந்த ஒரே சகோதரம். சண்டைக்காலத்தில் ஆனையிறவுப் பாதை பூட்டிக் கிடந்தபோது யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர எங்களுக்கிருந்தது கிளாலிக் கடல்தான். கடல் என்று சொல்கிறோமே தவிர அது ஆழமில்லாத ஒரு கடனீரேரி, அடியெல்லாம் சேறும் பாசியும். இருட்டில் வெளிச்சமில்லாமல் வள்ளத்தில் ஏற வேண்டும், நேவி கண்டால் சுடுவான். நானும் அந்த வழியால்தான் வந்தேன். வள்ளம் ஆடின ஆட்டத்தில் அந்தத் தண்ணீரை வாய் நிறையக் குடித்துக்கொண்டுதான் வந்தேன். எனக்குப் பிறகு குகன் தன் மனைவி மாலினியை அனுப்பினான். அவளும் அந்தக் கடலைக் கடந்து, கொழும்பில் கிடந்து, ஏஜென்சிக்காரன் இழுத்த இழுப்புக்கெல்லாம் அலைந்து என்னிடம் வந்து சேர்ந்தாள். வீட்டு அலுவலை முடித்துக்கொண்டு பின்னால் வருகிறேன் என்று அவன் சொன்னான். வரவில்லை.

கிளாலிக் கரையில் நின்றதைக் கண்டேன் என்று ஒருவர் சொன்னார். கரையில் நின்ற சனத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான் என்று இன்னொருவர். வவுனியாவில் முகாமில் இருக்கிறான் என்று ஒரு கதை, ஆமி மறித்த பஸ்ஸில் இருந்தான் என்று ஒரு கதை. தமிழ்நாட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நிற்கிறான் என்றுகூட ஒரு நாசமாய்ப் போனவன் வந்து சொன்னான், அதைக் கேட்டு அம்மா ஒரு வருஷம் உயிர்பிடித்துக் கிடந்தா. பிறகு சமாதான காலம் வந்து பாதை திறந்ததும் அம்மா அவனுடைய படத்தைப் பிடித்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தா. ஒன்றுமில்லை. உடலும் இல்லை, உயிரும் இல்லை. செத்தவனுக்கு அழலாம், இருக்கிறவனுக்குக் காத்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்து பாருங்கள், அப்போது தெரியும்.

மாலினி என் வீட்டிலேயே இருந்தாள். ஒரு சலவைத் தொழிற்சாலையில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. பொட்டு வைத்தாள், தாலி கழுத்தில் கிடந்தது, அவனுடைய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று எப்போதும் கைப்பைக்குள் இருந்தது. பத்து வருஷத்துக்கும் மேலாக. அப்போதுதான் ஹாகனில் இருக்கிற தேவராசா அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். மனைவியை நோயில் பறிகொடுத்தவர், பார்சல் வான் ஓடுகிறவர், அதிகம் பேசாத மனுசன். மாலினிக்குப் பிடித்திருந்தது. அதை அவள் வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கிழமை அவள் பாத்திரம் கழுவும்போது பாடினாள், அதுவரை அவளுக்குப் பாட வரும் என்றே எனக்குத் தெரியாது.

ஒரு பின்னேரம் குசினிக்குள் வந்து நின்றாள்.

"மச்சாள், நீங்கள் ஓம் எண்டா ஓம். ஏலாது எண்டா நான் இந்தக் கதையையே விட்டிடுவன்."

"என்னை ஏன் கேக்கிறாய்? நீ என்ன பாலகியே?"

"உங்கட தம்பி. அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு நீங்கள்தான் ஒரு சொல்லுச் சொல்லவேணும்."

"நான் என்ன கடவுளே? எனக்கெப்பிடித் தெரியும்? போய்ப் படு."

அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அவளுக்கு ஆம்பிளை வேணுமெண்டா போகச் சொல்லு. அதுக்கு என்ர பிள்ளையைச் சாக்காட்ட வேண்டாம்" என்று அம்மா சொல்லிவிட்டு வைத்துவிட்டா. இப்படி ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம், நடுவில் நான். காலையில் நாலரைக்கு எழும்பி வேலைக்கு ஓடுகிற எனக்கு இதுவும் ஒரு வேலை.

அந்த வருஷம் நவம்பர் தொடக்கத்தில் ஒரு பயண நிறுவனம் மண்டபத்தை எடுத்துப் பொலிவியாக் கண்காட்சி வைத்தது. நடத்தினவர் பெயர் ஹெர் லிண்டர், கழுத்தில் அந்த நாட்டுக் கம்பளிச் சால்வையோடு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே நின்றார். சுவர் முழுக்கப் படங்கள். நாணலால் கட்டின படகுகள் மிதக்கிற திதிகாகா ஏரி, ஒரே கல்லில் வெட்டின சூரிய வாசல், வட்டத் தொப்பியும் அடுக்குப் பாவாடையுமாகச் சந்தையில் இருக்கிற பெண்கள், ஒருரோ ஊர்த் திருவிழாவில் கொம்பு வைத்த பிசாசு முகமூடி போட்டு ஆடுகிறவர்கள், பாதாளத்தை ஒட்டி ஓடுகிற மலைப்பாதை, அதற்கு அங்கால் பச்சைக் காடு. ஒரே நாட்டுக்குள் பனியும் காடும் பாலைவனமும் என்று ஹெர் லிண்டர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் பெரிய படம் உயுனி என்கிற உப்பு வெளியுடையது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு உப்பு, அதற்கு மேலே மெல்லிசாகத் தண்ணீர், அந்தத் தண்ணீரில் வானம். அதற்கு முன்னால் உண்மையான கல்லுப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள், பிள்ளைகள் அதில் நின்று படம் எடுக்க. அந்தப் பிள்ளைகள் காலில் ஒட்டின உப்பை மண்டபம் முழுக்கக் கொண்டு திரிந்தார்கள். கூட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் உப்பு வெளியின் அழகு.

பொத்தோசி மலைக்கும் ஒரு படம் இருந்தது. வெள்ளிச் சுரங்கம், தலையில் லைட் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. மார்த்தா அதைத் துடைக்காமல் விட்டுவிட்டுப் போனாள்.

"அந்தக் கிடங்குக்குள்ளதான் என்ர அப்பா செத்தவர்" என்றாள். "இப்ப ரிக்கெற் போட்டுக் காட்டுறாங்கள்."

"நீ போய் அந்த லிண்டரிட்டச் சொல்லன்."

"சொன்னன். 'அப்பிடியோ, நீ ஒரு மேசை வை, உங்கட செத்தவைக்கு வைக்கிற மாதிரி, சனம் ஆசையாப் பாக்கும்' எண்டான்."

"செருப்பால அடிச்சிருக்கவேணும்."

"இல்லை. நான் வைக்கப்போறன். அவன் காட்சிக்குக் கேக்கிறான், நான் அப்பாவுக்கு வைக்கிறன். அவனுக்கு வித்தியாசம் தெரியாது."

அவர்கள் ஊர் வழக்கம் இப்படி. நவம்பர் முதலாம் திகதி மத்தியானம் செத்தவர்கள் வருவார்கள், அடுத்த நாள் மத்தியானம் திரும்பிப் போவார்கள். அந்த ஒரு நாளைக்கு அவர்களுக்கு மேசை வைக்க வேண்டும், தூரத்திலிருந்து தாகத்தோடு வருகிறபடியால் தண்ணீர் கட்டாயம் வைக்க வேண்டும். மார்த்தா ஊதாத் துணி விரித்து, பழம் வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, ரொட்டி மாவைப் பச்சைப்பிள்ளை மாதிரிப் பிசைந்து மூஞ்சி ஒட்டிச் சுட்ட பாணும் ஏணி மாதிரிச் செய்த பாணும் அடுக்கி, அப்பாவுக்கு என்று சிகரட்டும் வைத்தாள். மேசையின் இரண்டு பக்கமும் முழுக் கரும்பு கட்டினாள். அந்தக் கரும்பைத் தமிழ்க் கடையில் சொல்லி எடுத்துக் கொடுத்தது நான்தான். அப்பாவின் படம் வைக்கவில்லை, அந்த மனுசனை யாரும் ஒருநாளும் படம் எடுத்ததில்லையாம்.

முதலாம் திகதி இங்கே விடுமுறை, சனம் குவிந்துவிட்டது. நான் பின்னால் குசினியில் இருந்தேன். எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று மாலினி சொல்லியிருந்தாள், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அவள் முன் வாசலால் வந்திருக்கிறாள். வந்தவள் அந்த மேசையைக் கண்டிருக்கிறாள்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். எங்கள் ஆள் ஒருத்தி, இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் பழம், விளக்கு, தண்ணீர் என்று கண்டால் என்ன நினைப்பாள்? பொங்கல் மடை என்றுதான் நினைப்பாள். ஏதோ இவர்களுடைய சாமிக்கு வைத்த மடை, மூஞ்சி வைத்த பாண் சாமி உருவம், சிகரட்டும் பரவாயில்லை, எங்கள் முனியப்பருக்கும் சுருட்டு வைக்கிறவர்கள்தானே. இவளுக்கு எந்தச் சாமியும் ஒன்றுதான், கண்ட இடமெல்லாம் நேர்த்தி வைக்கிறவள். கொண்டுவந்த புட்டில் கொஞ்சம் எடுத்துத் தட்டில் வைத்து, குழம்பு ஊற்றி, மேசையில் வைத்து, கைப்பைக்குள் இருந்த குகனின் படத்தை எடுத்துக் கரும்படியில் சாத்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். நாங்கள் கடைச் சாவியையும் கல்யாணக் கார்டையும் சாமிக்கு முன்னால் வைக்கிறோமே, அப்படி. அவரைத் திருப்பித் தா, இல்லை என்றால் ஒரு வழியைக் காட்டு என்று.

மார்த்தா என்ன நினைத்திருப்பாள்? இந்த மேசையில் படம் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் போய்க் குசினிக் குடுவையிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்து, ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினாள். அந்தக் குடுவையைக் குழாயில் நிரப்பி வைத்தது நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் செத்தவர்களின் மேசையில் என் தம்பி இருந்து பார்க்கிறான்.

"மாலினி! எடடி அந்தப் படத்தை!"

"ஏன் மச்சாள்?"

"இது என்ன மேசை எண்டு தெரியுமே உனக்கு? செத்தவைக்கு வைக்கிறது! உயிரோட இருக்கிறவனைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறாய், விசரி!"

சனம் திரும்பிப் பார்த்தது. ஹெர் லிண்டர் ஓடிவந்து, புட்டைக் காட்டி, இது பொலிவிய உணவு இல்லையே என்று கவலைப்பட்டார். அவருக்கு அதுதான் கவலை. நான் கையை நீட்டிப் படத்தை எடுக்கப் போனேன். அந்த நேரம் பக்கத்துக் கோயிலில் பன்னிரண்டு மணி அடிக்கத் தொடங்கியது. மார்த்தா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இப்ப எடுக்காதை. அவை வாற நேரம்."

"அவன் சாகேல்லை!"

"சாகாட்டி வரமாட்டான். அவ்வளவுதானே. ஏன் பயப்பிடுறாய்?"

நான் மாலினியைப் பார்த்தேன். அவள் அழுவாள், படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தேன். ஜெர்மனில் மார்த்தா சொன்னது அவளுக்கும் விளங்கியிருந்தது. மணி அடித்து ஓய்கிறவரைக்கும் நின்றாள்.

"கிடக்கட்டும் மச்சாள்" என்றாள்.

"என்னது?"

"கிடக்கட்டும். வந்தா வரட்டும். வராட்டி இருக்கிறார் எண்டு நான் இருந்திட்டுப் போறன். எனக்கு ஏதாவது ஒண்டு தெரியவேணும். உங்களுக்கும் சொல்லத் தெரியாது, மாமிக்கும் தெரியாது. இவையின்ர சாமியாவது சொல்லட்டும்."

எனக்கும் தெரிய வேண்டும் என்று இருந்தது. ஆனால் பாணுக்கும் புட்டுக்கும் நடுவில் அது தெரியவரும் என்று நம்புகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. "செய்யிறதைச் செய்" என்று சொல்லிவிட்டு உப்புக் கூட்டப் போனேன்.

அன்று பின்னேரம் மண்டபத்தைப் பூட்டினது நான். காலையில் திறந்ததும் நான். திறக்கும்போது மேசை வைத்தபடியே இருந்தது, மெழுகுதிரி எரிந்து முடிந்திருந்தது, கிளாஸில் தண்ணீர் இருந்தது. ஒரு அதிசயமும் இல்லை. மாலினி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து உப்பு வெளிப் படத்துக்கு எதிரே கதிரை போட்டு இருந்தாள். ஆனையிறவு உப்பளம் மாதிரிக் கிடக்கு என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு மார்த்தா தன் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு என்னிடம் "உன்ர தம்பிக்கு என்ன பேர்?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் வாயில் அது கூகான் என்று வந்தது. அவனையும் கூப்பிட்டு, போய்வா என்றாள். ஹெர் லிண்டர் அதைப் படம் எடுத்தார்.

பிறகு சாப்பாட்டைப் பகிர வேண்டும், அதுவும் வழக்கம். செத்தவர் வந்து சாப்பிட்டிருந்தால் சாப்பாட்டில் ருசி போயிருக்கும் என்றாள் மார்த்தா. தன் பாணைப் பிய்த்து வாயில் போட்டு, தலையை ஆட்டி, அப்பா வந்தவர் என்றாள். நான் புட்டில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டேன். உப்பும் இல்லை, புளியும் இல்லை, கடதாசி மாதிரி இருந்தது. முதல்நாள் வைத்த புட்டு வேறெப்படி இருக்கும்? அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. இப்போதும் எடுக்கவில்லை.

"தண்ணியை ரத்த உறவு குடிக்கவேணும்" என்று மார்த்தா அந்தக் கிளாஸை என் கையில் தந்தாள்.

எனக்குத் தாகமாகவும் இருந்தது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் பழைய தண்ணீர், குடித்தால் என்ன செத்தா போவேன் என்று ஒரு பெரிய மிடறு குடித்தேன்.

அது கிளாலித் தண்ணீர்.

உப்புத் தண்ணீர் என்று சொல்லவில்லை. உப்பு என்றால் நானே சொல்லிவிடுவேன், மண்டபம் முழுக்க உப்பு, எந்தக் குரங்குப் பிள்ளையோ ஒரு பிடி அள்ளிப் போட்டிருக்கும் என்று. இது உப்பு மட்டுமில்லை. அந்தச் சேறு. அழுகின பாசியின் அந்த மணம், மண்ணெண்ணெய் வாடை லேசாகக் கலந்து. வள்ளம் ஒரு பக்கம் சரிந்து, நான் பலகையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடக்கூடாது என்று பல்லைக் கடித்தபோது பல்லிடுக்கால் உள்ளே போன அதே தண்ணீர். அதை ஒருமுறை குடித்தவர்களுக்கு வேறொன்றோடு மாறிப்போகாது. பார்த்தால் கிளாஸில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

நான் துப்பவில்லை. துப்ப ஏலவில்லை. விழுங்கிவிட்டு அப்படியே நின்றேன்.

மாலினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மச்சாள்?"

அவள் கதிரையை விட்டு எழும்பி வந்து என் கையிலிருந்த கிளாஸை வாங்கினாள். ஒரு மிடறு குடித்தாள். நிறுத்தினாள். அவளும் அந்தக் கடலால் வந்தவள்தானே. பிறகு, நம்பினால் நம்புங்கள், மிச்சம் இருந்த தண்ணீரை அடிமட்டும் குடித்தாள். அவசரப்படாமல், மூச்சு விட்டு விட்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். குடித்து முடித்து வாயைத் துடைக்கவும் இல்லை.

"வள்ளத்தில ஏறியிருக்கிறார்" என்றாள்.

"ஓம்."

"என்னட்ட வரத்தான் ஏறியிருக்கிறார்."

"ஓமடி."

ஹெர் லிண்டர் எங்களைப் பார்த்து, மேசையை எப்போது ஒதுக்கலாம், இரண்டு மணிக்குப் படக்காட்சி இருக்கிறது என்றார். நான் அவரைத் தமிழில் பேசினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது.

அன்றைக்கே நான் சோதித்தும் பார்த்தேன், சும்மா விடுகிற ஆள் இல்லை நான். அதே குடுவையில் மிச்சம் இருந்த தண்ணீரைக் குடித்தேன், நல்ல தண்ணீர். அந்த உப்பு வெளி உப்பில் ஒரு பிடி அள்ளி நல்ல தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். வெறும் உப்பு. வயிற்றுப்போக்குத்தான் மிச்சம்.

தை மாதம் ஐயரைக் கூப்பிட்டுக் குகனுக்கு அந்தியேட்டி என்கிற கடைசிக் கிரியை செய்தோம். என்ன திகதியில் செத்தவர் என்று ஐயர் கேட்டார், தெரியாது என்றேன், எங்கே என்று கேட்டார், தண்ணீரில் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை, நல்லகாலம். மாலினி தாலியைக் கழற்றி என்னிடம் தந்தாள். அம்மாவுக்குச் சொன்னேன். "நீயும் அவளும் சேந்து என்ர பிள்ளையைச் சாக்காட்டிப் போட்டியள்" என்றா. அதற்குப் பிறகு சாகும்வரைக்கும் அம்மா என்னோடு பேசவில்லை. மாலினி தேவராசாவைக் கல்யாணம் கட்டி ஹாகனில் இருக்கிறாள். ஒரு பெண் பிள்ளை. பாத்திரம் கழுவும்போது பாடுகிறாளா என்று எனக்குத் தெரியாது, நான் அதைக் கேட்கவில்லை. இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவும் மாட்டேன். என் தம்பி, என் வீட்டு விஷயம், அவன் வந்தான் போனான் என்று இருந்திருப்பேன்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மார்த்தா வேலையை விட்டாள். கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கிற மகளிடம் போகிறாள். கடைசி நாள், உடுப்பு மாற்றுகிற அறையில் இரண்டு பேரும் சப்பாத்துக் கழற்றிக்கொண்டு இருந்தோம். அவள் கால் வீங்கியிருந்தது, என்னுடைய காலும்தான்.

"உன்னட்ட ஒண்டு கேக்கவேணும், கோவிக்கக்கூடாது" என்றாள்.

"கேள்."

"அண்டைக்கு அந்த மேசைத் தண்ணிக்குள்ள நீங்கள் ஏதாவது போட்டனீங்களோ? உங்கட வழக்கம் ஏதாவது?"

"உனக்கென்ன விசரே? நாங்கள் ஏன் போடுறம்?"

அப்போதுதான் அவள் சொன்னாள். மேசைக்குப் பின்னால், சனம் பார்க்காத பக்கம், ஜன்னல் படியில் அவள் இன்னும் கொஞ்சக் கிளாஸ் வைத்திருந்தாளாம். நினைக்க ஆளில்லாத செத்தவர்களுக்கு அப்படி வைப்பார்களாம், போகிற வழியில் யாராவது தாகத்தோடு வந்தால் குடிக்கட்டும் என்று. மேசை வைத்தவள்தான் கடைசியில் அதையெல்லாம் குடித்து முடிக்க வேண்டும். நாங்கள் முன்பக்கம் நின்றுகொண்டிருந்தபோது அவள் போய்க் குடித்திருக்கிறாள்.

"எல்லாம் ஒரே ருசி" என்றாள். "உப்பு, சேறு. உன்ர தம்பிக்கு வைச்ச தண்ணியைப் பற்றி நீங்கள் கதைச்சது எனக்கு விளங்கேல்லை, உங்கட மொழியிலதானே கதைச்சனீங்கள். நான் நினைச்சன் நீங்கள் எல்லாத்துக்குள்ளயும் ஏதோ கலந்திட்டியள் எண்டு."

"எல்லாத்துக்குள்ளயுமோ?"

"இருந்த எல்லாம். சின்னப் பிள்ளையளுக்கெண்டு ஒரு பிளாஸ்ரிக் கோப்பை வைச்சிருந்தன். அதுவும்."

அந்த வள்ளத்தில் குகன் தனியாக ஏறியிருப்பான் என்று நான் ஏன் நினைத்துக்கொண்டிருந்தேன்? அதில் யாரும் தனியாக ஏறியதில்லை. நான் வந்தபோது என் மடியில் யாரோ ஒருத்தியின் பிள்ளை இருந்தது, பெயர்கூடக் கேட்கவில்லை.

"அவையை அனுப்பினனியோ?" என்று கேட்டேன். "பேர் சொல்லிக் கூப்பிட்டுப் போய்வா எண்டு சொன்னியே, அப்பாவையும் குகனையும். அவைக்கும் சொன்னனியோ?"

"பேர் தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது? ஆர் வந்தது எண்டே எனக்குத் தெரியாதே."

"சொல்லாட்டி?"

மார்த்தா சப்பாத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பையின் சிப்பை இழுத்தாள், அது சிக்கிக்கொண்டது, திரும்ப இழுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லாட்டி அவைக்குப் போகத் தெரியாது" என்றாள்.

அவள் கார்ல்ஸ்ரூஹேக்குப் போய்விட்டாள். நான் இன்னும் அதே மண்டபத்தைத்தான் துடைக்கிறேன், இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள்? எனக்கு இப்போதும் நம்பிக்கை கிடையாது, யாராவது கேட்டால் கிடையாது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த ஜன்னல் படியை நான் கடைசியாகத்தான் துடைப்பேன், துடைக்கும்போது பேசமாட்டேன். வேலையில் எவ்வளவு தாகமெடுத்தாலும் அந்த மண்டபத்துக் குழாயில் குடிப்பதில்லை. தண்ணீர் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோகிறேன்.